இருப்பில் ஒரு கணக்கு டீச்சர்

கணக்கு டீச்சரைப் பிடித்த வினை தொண்ணூறில் ஆரம்பித்தது.

ஐந்தாம் வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள், மூன்றாவது பீரியட். பத்துப் பத்தாக எண்ணச் சொல்லியிருந்தார். எல்லாரும் ராகம் போட்டு நூறைத் தொட்டு மூச்சு வாங்கியபோது, மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரி எதைப் பேசினாலும் 'ஆனா' என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு ஆனா என்றே பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"ஆனா டீச்சர், எழுபதுல ஏழு இருக்கு. எண்பதுல எட்டு இருக்கு. தொண்ணூறுல மட்டும் ஏன் நூறு இருக்கு? அது இன்னும் நூறே ஆகலையே?"

டீச்சர் வாயைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்து, மூடினார்.

"தொள்ளாயிரத்துல ஆயிரம் இருக்கு. ஒன்பதுலயே ஒரு பது இருக்கு. ஒன்பது மட்டும் ஏன் டீச்சர் எப்பவும் அடுத்த வீட்டுப் பேரை வெச்சுக்கிட்டுச் சுத்துது?"

பதினேழு வருஷமாகத் தொண்ணூறு சொல்லிக்கொடுத்தவர் அவர். அதற்குள் நூறு உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். வகுப்பு சிரித்தது. ஆனா சிரிக்கவில்லை, நாளைக்கு என்பதை நம்பி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இது அவளுடைய முதல் கேள்வியும் இல்லை. போர்டில் எழுதிய கணக்கை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். மிச்சம் முப்பத்தைந்து நிமிஷம் சுவரில் இருக்கும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்குக் கொடுக்க டீச்சரிடம் இருந்தவை: சாக்பீஸ், டஸ்டர், ஒரு கால் ஒடிந்த காம்பஸ். ஒரு தராசு இருந்தால், நாலு பல்சக்கரம் இருந்தால், நல்லதாக ரெண்டு புத்தகம் இருந்தால் போதும் என்று அவர் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார்.

"அதுக்குன்னே ஒரு இடம் இருக்கேம்மா" என்றார் தலைமையாசிரியர். தன் தலையிலிருந்து இறங்கும் எந்தப் பாரத்தையும் அவர் இவ்வளவு மலர்ச்சியோடுதான் வழியனுப்புவார். "ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க. அள்ளிக் கொடுப்பாங்க."

இடத்தின் பெயர் மீத்திறன் மாணவர் ஆக்கமுறைக் கற்பித்தல் வளமையம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் கண்டக்டர்கள் அதை வளமையம் என்று சுருக்கியிருந்தார்கள். டீச்சர் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். இருபது நாளில் பதில் வந்தது: நேரில் வரவும்.

நாலு மாடிக் கட்டடம். தரைத்தளம் முழுக்க ஒரே கண்ணாடிக் கூடம். டீச்சர் அதன் முன்னால் நின்றுவிட்டார். உள்ளே பித்தளைத் தராசு, எடைக்கற்கள், பல்சக்கரப் பெட்டிகள், தொலைநோக்கி, மரக்கட்டைப் புதிர்கள், அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். எல்லாமே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், எண் எழுதிக் கட்டிய அட்டையோடு இருந்தன. கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றிருந்தவரை, "தொடாதீங்க, கறை படியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் நகர்த்தியது. இடுப்பில் கொத்துச் சாவி தொங்க நின்றவர் அங்கே ஸ்டோர்கீப்பர். ஊழியர்கள் அவரைச் சாவி அண்ணன் என்றார்கள்.

இயக்குநர் டீச்சரைத் தானே கூட்டிப்போய்க் கூடத்தைக் காட்டினார். வெளியே நின்றபடிதான்.

"மூவாயிரத்து நானூத்திப் பதினாறு வளங்கள்மா. இந்த மையம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு பொருள் உடைஞ்சது கிடையாது, கீறல் விழுந்தது கிடையாது, தொலைஞ்சது கிடையாது. வேற எந்த மையத்துலயாவது இப்படிச் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்."

"பிள்ளைங்க அவ்வளவு பத்திரமா வெச்சுக்கிறாங்களா சார்?"

"பிள்ளைங்களா?" இயக்குநர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "பிள்ளைங்க கையில கொடுத்தா எப்படிம்மா பத்திரமா இருக்கும்?"

டீச்சர் இதை ஒரு வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். தான் மட்டும் சிரிப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"கொடுக்க மாட்டோம்னு சொல்லல. தகுதியான பிள்ளைக்குக் கொடுக்கத்தான் இருக்கோம். அந்தத் தகுதியான பிள்ளைதான் இன்னும் வரல. நீங்க உங்க பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. தேர்வு இருக்கு."

அடுத்த வாரம் ஆனாவும் அவள் அம்மாவும் டீச்சரோடு பஸ் ஏறினார்கள். அம்மா தையல்காரி. முடிக்க வேண்டிய ரெண்டு ரவிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "பெரிய இடமா இருக்கே டீச்சர்" என்று கேட்டைத் தாண்டும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

தேர்வு நடத்தியவர் மதிப்பீட்டு அலுவலர். நெற்றிச் சுருக்கங்களைக்கூட இஸ்திரி போட்டது போல இருக்கும் அம்மாள். ஒரு மணி நேரத்தில் ஆனா எழுதி முடித்தாள். அலுவலர் விடைத்தாளைப் படித்தார், மறுபடி படித்தார், கடைசியில் டீச்சரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"முதல் கேள்வி. கத்தரிக்கோல், கத்தி, ஊசி, நூல். பொருந்தாததை வட்டமிடணும். பாருங்க, நாலையும் வட்டமிட்டிருக்கு."

டீச்சர் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் குட்டிக் குட்டி எழுத்தில் காரணம் எழுதியிருந்தது. நூல், ஏன்னா அது மட்டும் இரும்பு இல்லை. ஆனா கத்தரிக்கோல், ஏன்னா அது மட்டும்தான் ரெண்டு பேர் சேர்ந்தது. ஆனா ஊசி, ஏன்னா அதுக்கு மட்டும்தான் கண் இருக்கு. ஆனா கத்தி, ஏன்னா அது மட்டும் எங்கம்மா பெட்டியில் இருக்காது.

"மேடம், நாலுமே சரிதானே?"

"விடைக்குறிப்புல நூல்னு இருக்கு."

"நூலும் சொல்லியிருக்காளே."

"மூணு தப்பும் சேர்த்துல்ல சொல்லியிருக்கா. சரி, அதை விடுங்க. ரெண்டாவது, கற்பனைக் கேள்வி. 'எனக்குச் சிறகு இருந்தால்'. எதிர்பார்க்கிற விடை, 'நான் வானில் உயரப் பறப்பேன்'. இந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கு?" அலுவலர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "'சட்டை தைக்கிறது கஷ்டம். முதுகில் ரெண்டு ஓட்டை வைக்கணும். ஆனா குப்புறத்தான் படுக்க முடியும்.' இது கற்பனையா? பறக்கவே இல்லையே!"

"அது யாருக்கும் தோணாத பதில் மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாருக்கும் தோணாததை எப்படி விடைக்குறிப்புல போட முடியும்? குறிப்புல இல்லாததுக்கு எப்படி மார்க் போட முடியும்?" அலுவலரின் குரலில் கோபம் இல்லை, டீச்சர் ஒருத்திக்கு இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்தான் இருந்தது. "மீத்திறன் உள்ள பிள்ளைன்னா, நாங்க என்ன நினைச்சு வெச்சிருக்கோம்னு கரெக்டா கண்டுபிடிக்கும்."

நூற்றுக்கு நாலு மார்க். அந்த நாலும் கையெழுத்துக்கு. அட்டையில் முத்திரை குத்தினார்கள்: மெல்லக் கற்போர் பிரிவு. பள்ளிக்கு ஒரு நகல், தாய்க்கு ஒரு நகல்.

பஸ்ஸில் அம்மா அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், நீங்க இவளைக் கெட்டிக்காரின்னுதானே சொன்னீங்க? இதுல மந்தம்னு போட்டிருக்காங்களாமே."

"தப்பா போட்டிருக்காங்கம்மா. நான் மாத்தித் தர்றேன்."

சொன்ன வார்த்தை சொன்னதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக டீச்சர் பட்டபாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனாவைத் தலைமையாசிரியர் மறுநாளே இடம் மாற்றினார். கட்டடத்தின் கோடியில், உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்த அறைக்குப் பக்கத்து அறை. மெல்லக் கற்போர் பதினாறு பேர் அங்கே புள்ளிக் கோட்டின் மேல் எழுத்துப் பழகினார்கள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, இருநூறு தடவை. டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தபோது ஆனா 'ஈ' எழுதிக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தாள்.

மேல்முறையீடு செய்ய டீச்சர் மறுபடி வளமையம் போனார். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் ஆக்கத்திறன் சான்று பெற்ற ஆசிரியர்தான் செய்யலாம். சான்றுக்கு இருபத்தொரு நாள் பயிற்சி உண்டு. இடையில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதல் நாளிலிருந்து வர வேண்டும். டீச்சர் சேர்ந்தார்.

பயிற்றுநராக வந்தவரும் அதே மதிப்பீட்டு அலுவலர்தான். மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பயிற்சிக்குப் பதினோரு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். அறைக்கு ஜன்னல் உண்டு; கவனம் சிதறும் என்று அதை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஒன்பது, பதினொன்று, ரெண்டு, நாலு என்று நாளைக்கு நாலு தடவை கையெழுத்து. மீதி நேரத்தில் ஆக்கத்திறன்.

"இன்னைக்கு எல்லாரும் சுதந்திரமா ஒரு பறவை வரையப் போறோம்" என்றார் பயிற்றுநர், மூன்றாம் நாள். "மனசுல என்ன வருதோ அதை வரையுங்க. கையேட்டுல அறுபத்திரண்டாம் பக்கத்துல இருக்கு."

டீச்சர் வரைந்த பறவை வலப்பக்கம் பார்த்தது. கையேட்டில் இடப்பக்கம். திருப்பி வரையச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அறிவியல் வாத்தியார் குனிந்து கிசுகிசுத்தார்: "நான் இது நாலாவது தடவை வர்றேன் டீச்சர். ஒவ்வொரு தடவையும் பதினெட்டாம் நாள் காய்ச்சல் வந்துடுது. இப்போ கண்ணை மூடிக்கிட்டே இடப்பக்கம் பார்க்க வெச்சுடுவேன்."

ஐந்தாம் நாள் டீச்சர் கை தூக்கி, தொண்ணூறில் ஏன் நூறு இருக்கிறது என்று கேட்டார். கேள்வி நேரம் இருபதாம் நாள் என்றார்கள். இருபதாம் நாள் கேட்டார். கேள்விகள் பத்தொன்பதாம் நாளுக்குள் எழுதித் தந்திருக்க வேண்டும் என்றார்கள்.

இருபத்தோராம் நாள் சான்றளிப்பு விழா. இயக்குநர் பேசினார்.

"ஆசிரியப் பெருமக்களே! குழந்தை கேள்வி கேக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்றேன். ஆனா ஒழுங்கா கேக்கணும். பதில் தெரிஞ்ச கேள்வியா கேக்கணும். பதில் தெரியாத கேள்வியை ஒரு குழந்தை கேட்டா, அது ஆசிரியரை அவமதிக்கிறது. ஆசிரியரை அவமதிச்சா, அவருக்குப் பயிற்சி கொடுத்த நம்மளை அவமதிக்கிறது. அதனாலதான் இந்த மையம், கேள்விகளுக்குப் பதில் தேடுறதை விட்டுட்டு, பதில்களுக்குத் தகுந்த கேள்விகளைத் தயாரிச்சிருக்கு!"

கைதட்டல் அடங்கும்வரை நின்றுவிட்டு, டீச்சருக்குச் சான்றிதழைக் கொடுத்தார். அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு டீச்சர் மேல்முறையீட்டு மனுவை எடுத்தார். அதற்குள் சாவி அண்ணன் ஒரு தடிப் பதிவேட்டோடு வந்து நின்றார்.

"கையைக் கொஞ்சம் நீட்டுங்கம்மா."

நீட்டினார். சாவி அண்ணன் நூல் கோத்த ஓர் அட்டையை மணிக்கட்டில் கட்டி, ரெண்டு முடிச்சுப் போட்டார். பிறகு பதிவேட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "இருப்பு எண் மூவாயிரத்து நானூத்திப் பதினேழு. விவரம், ஆசிரியை, கணக்கு. நிலை, புதியது."

"புதுசா? எனக்கு நாப்பத்திமூணு வயசு ஆகுதுங்க!"

"உபயோகப்படுத்தாத வரைக்கும் எல்லாம் புதுசுதாம்மா."

"என்ன இது? நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

சாவி அண்ணன் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். சான்று பெற்ற ஆசிரியர் இந்த மையத்தின் வளம். மற்ற பத்துப் பேருக்கும் சான்று வரவில்லை. ஒருவருடைய பறவைக்கு மூக்கு நீளம். அறிவியல் வாத்தியாருக்குப் பதினெட்டாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. இப்படி ஆளுக்கு ஒரு குறை. பதினோரு வருஷத்தில் முழுசாகத் தேறிய முதல் ஆள் டீச்சர்தான். வளத்தை வெளியே அனுப்ப வழங்கல் உத்தரவு வேண்டும். மீத்திறன் பிள்ளை இருக்கிற பள்ளிக்கூடம் கேட்டால் உத்தரவு கிடைக்கும்.

"என் பள்ளிக்கூடத்துலதான் இருக்காளே!"

"பதிவுல இல்லையேம்மா."

"அந்தப் பதிவை மாத்தத்தான் மேல்முறையீடு கொண்டு வந்திருக்கேன்."

"அது பள்ளியில வேலை பார்க்கிற ஆசிரியர்தான் கொடுக்கலாம். நீங்க இப்போ இங்க இருப்புல இருக்கீங்க." சாவி அண்ணன் மனுவை மெதுவாக மடித்து டீச்சர் கையிலேயே திணித்தார். "வாங்க, உங்க இடத்தைக் காட்டுறேன்."

இடம் கண்ணாடிக் கூடத்தில், தராசுக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் ஒரு நாற்காலி. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஐந்து மணிக்குச் சாவி அண்ணன் 'தற்காலிக வைப்பிடம்: சொந்த வீடு' என்று எழுதி வெளியே விடுவார். காலையில் 'திரும்ப வரவு, சேதம் இல்லை' என்று எழுதி உள்ளே விட்டுப் பூட்டுவார். ஒருநாள் டீச்சருக்குச் சளி பிடித்திருந்தது. 'சிறு ஈரப்பதம்' என்று எழுதினார்.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களைத் தூக்கி எடுப்பது அவர் தொழில். "வேலையை விட்டுடேன்" என்றார், முதல் வாரம்.

"கேட்டுட்டேங்க. ராஜினாமா ஊழியருக்குத்தானாம். பொருளுக்குக் கிடையாதாம்."

"நாய் கையில தேங்காய் கிடைச்ச கதையா இருக்கே. தானும் தின்னாது, தர்றதும் தராது." கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார். "கத்தரிச்சு எறிஞ்சா என்ன?"

"எறிஞ்சா வளத்தைத் திருடினதா ஆகுமாம். திருடினது நான், திருட்டுப்போனதும் நான்."

கணவருக்கு இதற்குமேல் கருவி எதுவும் இல்லை. இரண்டாம் மாதம் அவர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். டீச்சரும், கேட்டு ஏமாறுவதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று பழகிக்கொண்டார். இதுதான் அவருக்கே பயமாக இருந்தது. ஒருநாள் வெளியூர் ஆசிரியை ஒருத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "தொடாதீங்க, கறை படியும்" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று டீச்சருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அன்று முழுக்க அவர் தலை நிமிரவில்லை.

மூன்றாம் மாதம் ஆனாவின் அம்மா வந்தாள். உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசினாள்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்?"

"இருக்கேன்மா. ஆனா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. இப்பல்லாம் அவ கேள்வியே கேக்குறதில்ல டீச்சர். சோறு வெச்சா சாப்பிடுறா. படுன்னா படுத்துடுறா. நல்ல பொண்ணாயிட்டான்னு பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்றாங்க." அவள் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், டீச்சரின் முகம் சரியாகத் தெரியாததுபோல. "எனக்குத்தான் பயமா இருக்கு. வீட்டுல யாரோ ஒருத்தர் கொறைஞ்ச மாதிரி இருக்கு."

மாற்றித் தருகிறேன் என்று சொன்னவர், மணிக்கட்டு அட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

நாலாம் மாதம் உயர்மட்டக் குழு பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வளமையம் ஒரு வாரம் தூங்கவில்லை. உறைகளின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்கள். டீச்சரின் சேலை மடிப்பைச் சரிசெய்தார்கள். மீத்திறன் மாணவர் ஒருவராவது கை தட்ட வேண்டுமே என்று தேடியபோது பதிவில் ஒருவரும் இல்லை. கைதட்டத் திறமை தேவையில்லை என்று மதிப்பீட்டு அலுவலர் எடுத்துச் சொன்னார். டீச்சரின் பள்ளியிலிருந்து மெல்லக் கற்போர் பதினேழு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடைசி ஆளாக இறங்கினாள் ஆனா. வரிசையில் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். டீச்சரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

குழுத் தலைவர் குண்டான, நல்ல மனிதர்; சாப்பாட்டுக்கு முன் எதையாவது பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. கண்ணாடிக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். "அருமை, அருமை" என்று ஒரு சுற்று வந்தவர், திடீரென்று நின்றார்.

"எங்க, ஒரு பிள்ளை இதுல ஏதாவது ஒண்ணைச் செஞ்சு காட்டட்டுமே?"

இயக்குநர் பதறிப்போனார். டீச்சரின் காதருகில் குனிந்து, "ஒரு பிள்ளையைத் தராசு பக்கத்துல நிக்க வைங்க. தொடக்கூடாது. நிக்கணும், சிரிக்கணும்" என்றார்.

டீச்சர் ஆனாவைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். சிரிக்கவும் செய்தாள், சொன்னால் சொன்னபடி செய்யும் சிரிப்பு. அதைப் பார்த்ததும் டீச்சர் தராசின் பக்கம் திரும்பினார். தராசைக் கீழே இறக்கினார். பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தார். பதினோரு வருஷத்தில் அந்தக் கூடம் கேட்ட முதல் சத்தம் அது. சாவி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துக்கோ" என்றார் டீச்சர்.

ஆனா தராசைப் பார்த்தாள். ஒரு தட்டை விரலால் தொட்டாள்; அது இறங்கி ஏறியது. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் காத்திருந்தார், இந்த நாலு மாதத்தில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"ஆனா டீச்சர்..." துருப்பிடித்த கதவு திறப்பதுபோல வந்தது குரல். "இந்தத் தராசு சரியான தராசுன்னு எப்படித் தெரியும்? இதை எதுல போட்டு நிறுக்கிறது?"

"எனக்குத் தெரியல. நீ சொல்லு."

அவள் ஒரு தட்டில் எடைக்கல்லும் மறு தட்டில் டீச்சரின் வீட்டுச் சாவிக்கொத்தும் வைத்தாள். சமமாக வரும்வரை, தன் சட்டையில் குத்தியிருந்த குண்டூசியில் நாலைச் சேர்த்தாள். யோசித்தாள். பிறகு, இரண்டு தட்டிலும் இருந்ததைப் பக்கம் மாற்றி வைத்தாள். தராசு லேசாக, ஆனால் எல்லாருக்கும் தெரியும்படி, ஒரு பக்கம் சாய்ந்தது.

"பொய் சொல்லுது டீச்சர்!" என்று கத்தினாள் ஆனா. "புதுசு, ஆனா பொய் சொல்லுது!"

அவ்வளவுதான். மற்ற பதினாறு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். ஒருத்தி பல்சக்கரப் பெட்டியைப் பிரித்தாள். ரெண்டு பேர் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்து இயக்குநரைச் சின்னதாக்கிப் பார்த்தார்கள். மெல்லக் கற்போர் அவ்வளவு வேகமாக உறை கிழிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் யாராலும் அவர்களை வெளியே எடுக்க முடியவில்லை.

குழுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். "இவங்க எந்தப் பிரிவு?" என்று கேட்டார்.

"மெல்லக் கற்போர் சார்" என்றார் மதிப்பீட்டு அலுவலர், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"மெல்லக் கற்போரே இப்படின்னா, உங்க மீத்திறன் பிள்ளைங்க எப்படி இருப்பாங்க! பார்க்கணும்னே இல்ல. எழுதிக்கோங்க, மிகச் சிறப்பு." அவர் சாப்பிடப் போனார்.

பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு, இயக்குநர் நாற்காலியில் சரிந்தார். "போச்சு. பதினோரு வருஷப் பேரும் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாவி அண்ணன் பதிவேட்டோடு தரையில் உட்கார்ந்து, பிரிந்து கிடந்ததை ஒவ்வொன்றாக எழுதினார். பயன்படுத்திய பொருள் புதியது ஆகாது. புதியது ஆகாத பொருள் இருப்பில் இருக்க முடியாது. தராசு, கழிவு. தொலைநோக்கி, கழிவு. பல்சக்கரம், மூன்று பெட்டி, கழிவு. பதினான்கு பொருள் ஆனதும் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"நீங்களும் பாடம் நடத்திட்டீங்களேம்மா."

"நடத்தினேனா? தெரியலன்னுதானே சொன்னேன்."

"நடந்ததை நான் பார்த்தேன்." கத்தரிக்கோலை எடுத்து, மணிக்கட்டு நூலை வெட்டினார். எண் 3417, பயன்படுத்தப்பட்டது, கழிவு. "கழிவுப் பொருளை, சேதப்படுத்தினவங்களே ஒரு நாளைக்குள்ள அப்புறப்படுத்தணும். கையெழுத்துப் போட்டுட்டு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போங்க."

டீச்சர் கையெழுத்துப் போட்டார். பிறகு சாவி அண்ணனைப் பார்த்தார். அவர் ஒரு பல்சக்கரத்தை இன்னொன்றில் பொருத்தி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தாம்மா தெரியும்" என்றார்.

லிஃப்ட் மெக்கானிக் வண்டி கொண்டு வந்தார். பதினான்கு பொருளும் ஒரு மனைவியுமாக ஏற்றிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கழிவுக் கடிதத்தைப் படித்து உதட்டைப் பிதுக்கினார். கழிவு என்று எழுதிவந்த ஆசிரியரை நல்ல வகுப்புக்குப் போட முடியாது. கழிவு என்று எழுதிவந்த சாமானை நல்ல அலமாரியில் வைக்கவும் முடியாது. யோசித்து, இரண்டையும் கோடி அறைக்கு, மெல்லக் கற்போருக்கு, தள்ளிவிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. சட்டம் அப்படி" என்றார். டீச்சர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டார். வராந்தாவைத் தாண்டியபின்தான் நடையில் வேகம் கூடியது.

ஆனாவின் அட்டையை மட்டும் கடைசிவரை மாற்ற முடியவில்லை. ஒருநாள் வாசலில் அவள் அம்மாவைப் பார்த்ததும், டீச்சர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

"அதை விடுங்க டீச்சர்" என்றாள் அம்மா. "நேத்து என் தையல் மெஷினை அக்கக்கா கழட்டிப் போட்டுட்டா. மெஷின் ஊசிக்கு மட்டும் கண்ணு ஏன் கீழ இருக்குன்னு பார்க்கணுமாம். நாலு சட்டை நின்னு போச்சு. கொறைஞ்சுபோன ஆளும் திரும்பி வந்தாச்சு, ரெண்டு பேரைச் சமாளிக்க முடியல." திட்டுவது போல ஆரம்பித்த முகம், திட்டி முடிப்பதற்குள் மலர்ந்துவிட்டது.

வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் ஒரு படிவத்தோடு கோடி அறைக்கு வந்தார். உள்ளே பதினேழு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். உடைந்த பெஞ்சுகளை வைத்து ஏதோ ஒரு பாலம். அதன் நடுவில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எங்கே முறியும் என்று சண்டை. இரைச்சலில் தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டு, "ஒரு எண்ணிக்கை வேணும்மா" என்று வாசலில் நின்றே கத்தினார். "வளமையத்துக்கு அனுப்பணும். உங்க வகுப்புல மீத்திறன் பிள்ளைங்க எத்தனை?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பாலத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, எந்த இடம் முதலில் வளைகிறது என்று ஆனா சாக்பீஸால் குறித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் படுத்திருந்தார்கள்.

"ஒருத்தர்கூட இல்ல சார்" என்றார் டீச்சர்.

"நல்லது. இருந்தாத்தான் தொல்லை." தலைமையாசிரியர் பூஜ்யம் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"சார்" என்று கூப்பிட்டார் டீச்சர். "போகும்போது அந்தக் கதவை வெளியிலிருந்து சாத்திட்டுப் போங்க."